அக்னி மூலையில் மீன்தொட்டி

எட்டுதான் இருந்தது. தெய்வசிகாமணி மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி எண்ணினார். மீனை எண்ணுவது லேசுப்பட்ட காரியம் இல்லை, ஒன்றைப் பார்த்து முடிப்பதற்குள் இன்னொன்று அதன் பின்னால் போய் ஒளிந்துகொள்கிறது, முப்பத்திரண்டு வருஷம் நில அளவைத் துறையில் சங்கிலி பிடித்து ஊரார் நிலத்தையெல்லாம் அளந்து கல் நட்டவருக்கு மூன்றடித் தொட்டிக்குள் இருக்கும் ஒன்பது மீனை எண்ணத் தெரியவில்லை. தங்க நிறத்தில் எட்டு. கறுப்பு எங்கே. கறுப்பு இருந்தால் போதும், மற்றவை எக்கேடு கெட்டாலும், இல்லை, அப்படி நினைக்கக் கூடாது, வாயில் வருவது மட்டும் அல்ல மனதில் வருவதும் பலிக்கும் என்று மனைவி குமுதா சொல்வாள். காலை ஆறு மணி, ஹாலில் அரை வெளிச்சம், பம்பு விடும் குமிழிகள் சலசலவென்று மேலே வந்துகொண்டிருந்தன. குழாயின் பின்னால் ஒட்டிக்கொண்டிருந்தது கறுப்பு, வயிறு மேலே, கண் திறந்தபடி. மீனுக்கு இமை கிடையாது, செத்தாலும் பார்த்துக்கொண்டேதான் இருக்கும். எட்டு மாதத்தில் இது பதினான்காவது. அதில் கறுப்பு மட்டும் ஏழு. எட்டு தங்கம் ஒரு கறுப்பு வளர்க்க வேண்டும், வீட்டு மனிதர்களுக்கு வருகிற கண்டத்தைக் கறுப்பு தன் மேல் வாங்கிக்கொண்டு செத்துப்போகும், செத்தால் வருத்தப்படக் கூடாது, மனதுக்குள் கும்பிட்டுவிட்டு அன்றைக்கே வேறு வாங்கி விட்டுவிட வேண்டும், இதுதான் விதி, ஃபெங் சுயி விதி, குமுதாவின் நோட்டுப் புத்தகத்தில் நான்காம் பக்கத்தில் இருக்கிறது. முதல் கறுப்பு செத்தபோது அவர் சந்தோஷப்பட்டார் என்றே சொல்ல வேண்டும். அன்று சாயங்காலம் மகன் பரிதி முழங்கையில் சிராய்ப்போடு வந்தான், பைக் மணலில் சறுக்கிவிட்டதாம், அவனாகச் சொல்லவில்லை, கீழ்வீட்டுக்காரர் சொன்னார். முழங்கையோடு போயிற்றே என்று அன்று தொட்டியின் கண்ணாடியைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். கறுப்போ தங்கமோ, ஒரு மீன் ஒரு கண்டம். மகனுக்கு வந்த பதினான்கு கண்டம் கழிந்தது. ஆனால் பதினான்கு கண்டம் ஒரு மனிதனைத் தேடி வருமா, அவன் என்ன அப்படி ஒரு பாவத்தைச் செய்தான், இன்னும் எத்தனை வரிசையில் நிற்கின்றன.

வலையால் மீனை எடுத்து நேற்றைய பேப்பரில் சுருட்டினார். மிச்சம் எட்டுக்கும் தீனி போட வேண்டும், டப்பாவைத் திறந்து இரண்டு சிட்டிகை, எண்ணி இரண்டே சிட்டிகை, அவை மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடின. டப்பா பாதிக்குக் கீழே போயிருந்தது. வாங்கி இருபது நாள் ஆகவில்லை, டப்பாவின் அடியை உயர்த்திச் செய்து ஏமாற்றுகிறான்கள், கடைக்காரனிடம் கேட்டதற்கு அவன் அவரையே திருப்பிக் கேட்டான். "சார், நீங்க தீனி ஜாஸ்தி போடறீங்க சார். தண்ணி கெட்டுப்போய்த்தான் மீன் சாவுது." யாரைப் பார்த்து என்ன பேச்சு. "ரெண்டு சிட்டிகைப்பா. அதுக்கு மேல ஒரு பருக்கை போட்டது கிடையாது" என்றார். "அப்ப எப்படி சார் சாவும்?" எப்படிச் சாகும் என்று அவனிடம் போய்ச் சொல்ல முடியுமா. கண்டம், கிரகம், சீனாக்காரன் சாஸ்திரம் என்று ரிட்டயரான சர்வேயர் ஒருவர் கொளத்தூர் மீன் கடையில் நின்று பேசினால் சிரிக்க மாட்டானா. அவரே சிரித்தவர்தானே. டிவியில் செவ்வாய்க்கிழமை தோறும் ஒரு பெண்மணி வந்து பேசுவதைக் கேட்டுக் குமுதா நோட்டுப் போட்டு எழுதிக்கொண்டபோது, "சீனாக்காரனுக்கு நம்ம வீட்டுல என்னடி வேலை" என்று கேட்டவர். சிரிக்கிற புத்தரை நாமே வாங்கிக்கொள்ளக் கூடாது, யாராவது பரிசாகக் கொடுக்க வேண்டும் என்று அவரைக் கடைக்கு அனுப்பினாள், அவரும் வாங்கி வந்து, "இந்தா, உன் தொந்தி மாமா" என்று அவள் மடியில் போட்டார். அந்தப் புத்தர் வாசலைப் பார்த்தபடி இன்னும் சிரித்துக்கொண்டிருக்கிறார், இந்த வீட்டில் வேறு யாரும் செய்யாத காரியத்தை. பரிதிக்குக் கல்யாணம் கூடி வர அவன் அறையில் ஜோடி வாத்து, வாசலில் மூங்கில், பால்கனியில் காற்று மணி. அந்த மணியின் சத்தம் தூக்கத்தைக் கெடுக்கிறது என்று அவர்தான் ரப்பர் பேண்டு போட்டுக் கட்டினார். போன மாதம் அதை அவிழ்க்கப் போனால் ரப்பர் வெயிலில் உருகி ஒட்டிக்கொண்டு நகத்தால் சுரண்ட வேண்டியிருந்தது. மறுநாள் பார்த்தால் வெள்ளை நூலால் யாரோ மறுபடி கட்டியிருந்தார்கள். யாரோ என்ன யாரோ, வீட்டில் இருப்பதே இரண்டு பேர். அவனுக்கு வீட்டில் இருந்தே ஆபீஸ் மீட்டிங், சத்தம் கூடாது. அதை ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம், நூல் கட்டத் தெரிந்தவனுக்கு.

பால்கனியில் குரோட்டன்ஸ் தொட்டி. மண்ணைக் கிளறி மீனைப் புதைத்தார். பதினான்கு மீனைத் தின்ற செடி, இலை ஒவ்வொன்றும் உள்ளங்கை அகலத்துக்குச் செழித்து நிற்கிறது, வீட்டில் நன்றாக இருப்பது இது ஒன்றுதான். கை கழுவிவிட்டுப் பிரம்பு நாற்காலியில் உட்கார்ந்தார். ஹாலில் டிவிக்கு எதிரே இருந்த நாற்காலிதான், எட்டு மாதமாகப் பால்கனிக்கு வந்துவிட்டது, ஹாலில் இதில் உட்கார முடியவில்லை. வழக்கமாக இந்நேரம் ஷூ போட்டுக்கொண்டு ஏரிக்கரைப் பக்கம் நடக்கப் போய்விடுவார், ஏழே முக்காலுக்குத்தான் திரும்புவார், இன்றைக்குப் போகவில்லை. போய்விட்டு வருவதற்குள் அவன் கிளம்பிவிட்டால். பத்து மணிக்கு என்றுதான் போனில் சொன்னான், ஆனாலும் யார் கண்டது. முந்தாநாள் குளியலறைக் கதவு வழியாக அவர் காதில் விழுந்தது. "சிங்கிள் பெட்ரூம் போதும்ணே. நான் ஒரு ஆள்தான். ஒண்ணாந்தேதிக்குள்ள வந்துடுவேன். ஞாயித்துக்கெழம பத்து மணிக்கு வந்து பாக்கறேன்." நான் ஒரு ஆள்தான். அதைக் கேட்ட நேரத்தில் அவர் பல் தேய்த்துக்கொண்டிருந்தார், வாய் நிறைய நுரை, துப்பினால் அவன் பேச்சை நிறுத்திவிடுவான் என்று நுரையை அப்படியே வைத்துக்கொண்டு நின்றார். இன்று ஞாயிற்றுக்கிழமை. பத்து மணிக்குள் ஏதாவது செய்தாக வேண்டும். செய்ய வேண்டியது என்ன என்பதும் அவருக்குத் தெரியும், அந்தத் தொட்டியைத் தூக்கி இடம் மாற்றி வைக்க வேண்டும், அது இருக்கிற இடம் தப்பு, அது தப்பு என்பது உலகத்திலேயே அவர் ஒருவருக்குத்தான் தெரியும், ஏனென்றால் தப்பைச் செய்தவர் அவர்.

நாலரை வருஷத்துக்கு முன்னால் ஒரு காலைநேரம் குமுதா கையில் அளவு டேப்போடு வந்து நின்றாள். "என்னங்க, கிழக்கு எதுங்க கரெக்டா? குடும்பம் ஒத்துமையா இருக்க கிழக்குல தண்ணி வைக்கணுமாம்." கட்டடம் தெருவுக்கு ஏற்பக் கோணலாக நிற்பது, எதிரே ஆறு மாடி எழும்பி, சூரியன் ஒன்பது மணிக்கு மேல் ஒரு சந்து வழியாக எட்டிப் பார்த்துவிட்டுப் போவது, அவளுக்கு எப்படித் திசை தெரியும், தெரிந்தவரைக் கேட்டாள். தெரிந்தவர் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். "டிவி இருக்கற சுவர்" என்றார். "நல்லாப் பாத்துச் சொல்லுங்க. உங்ககிட்ட அந்தக் கருவி இருக்குதில்ல." "ஒரு மீன் தொட்டிக்கு சர்வே பண்ணுவாங்களாடி? கிழக்குதான் போ." நாற்காலியில் இருந்து எழுந்திருக்கவில்லை. ஒரு ஜாண் வரப்புத் தகராறுக்கு நாலு நாள் வெயிலில் நின்று அளந்தவர், சொந்த வீட்டில் பெண்டாட்டி கேட்ட ஒரு கேள்விக்கு இடுப்பை அசைக்கவில்லை. அவள் நம்பினாள். அவர் மனைவிதான் ஊரிலேயே அதிகமாக அவருடைய உத்தியோகத்தை மதித்தவள், "எங்க வீட்டுக்காரரே பாத்துச் சொன்னது" என்று மாடிவீட்டுக்காரியிடம் பெருமையாகச் சொன்னதை அவர் தன் காதால் கேட்டார், கேட்டும் பக்கத்தைத் திருப்பினார். அவளுடைய பதினாறாம் நாள் காரியம் முடிந்து சொந்தக்காரர்கள் எல்லாம் போன பிறகு, செய்ய ஒன்றும் இல்லாத ஒரு மத்தியானத்தில், நோட்டுப் புத்தகத்தைப் புரட்டியவர் பரண் மேல் இருந்த பழைய திசைகாட்டியை எடுத்துத் துடைத்து ஹாலின் நடுவில் வைத்தார். முள் ஆடி ஆடி நின்றது. டிவி இருக்கிற சுவர் கிழக்கு இல்லை. தென்கிழக்கு. நம் ஊர்க் கணக்கில் அக்னி மூலை. அடுப்பு வைக்க வேண்டிய மூலையில் மூன்றடி நீளத்துக்குத் தண்ணீரை நிறுத்தி, அதன் முன்னால் நின்று நாலு வருஷமாக ஒருத்தி வீடு ஒற்றுமையாக இருக்க வேண்டும் என்று வேண்டிக்கொண்டிருந்திருக்கிறாள். அவர் அன்றைக்குத் தரையில் உட்கார்ந்து அழுதார். நம்பிக்கை இல்லாதவருக்கு எந்தச் சுவரில் எது இருந்தால் என்ன என்று யாராவது கேட்கலாம். நம்பிக்கை எல்லாம் வேறு கதை, அவர் இப்போது அமாவாசையையும் நம்புகிறார், பல்லியையும் நம்புகிறார், நம்பாமல் இருக்க ஒருவனுக்குப் பக்கத்தில் நம்புகிற ஆள் ஒருத்தி வேண்டியிருக்கிறது. சரி, மாற்ற வேண்டியதுதானே. பாதித் தண்ணீரை இறைத்துவிட்டுத் தூக்க வேண்டும், அப்படித் தூக்கினாலும் இந்தப் பக்கம் ஒரு ஆள் அந்தப் பக்கம் ஒரு ஆள் வேண்டும். அந்தப் பக்கத்து ஆள் உள் அறையில் தூங்கிக்கொண்டிருந்தான். "தம்பி, இதைக் கொஞ்சம் பிடி" என்று சொல்ல வேண்டும். அவ்வளவுதான். எட்டு மாதமாக அதைத்தான் சொல்லப் பார்க்கிறார்.

சண்டை ஒன்றும் கிடையாது. சண்டை என்றால் ஒரு நாள் தீர்ந்துவிடும், யாராவது வந்து சமாதானம் பேசுவார்கள். இது சண்டை இல்லை, அவர்கள் இரண்டு பேருக்கும் நேராகப் பேசிப் பழக்கமே இல்லை. அவன் மீசை முளைத்த நாளில் இருந்தே வீட்டுக்குள் தபால் குமுதா வழியாகத்தான். மூன்று பேரும் ஒரே ஹாலில் உட்கார்ந்திருப்பார்கள். "சனிக்கிழம நான் இருக்க மாட்டேன்னு அப்பாகிட்ட சொல்லும்மா" என்பான். நாலடி தள்ளி உட்கார்ந்திருப்பவர் காதில் அது விழும், இருந்தாலும் அவள், "என்னங்க, பரிதி சனிக்கிழம இருக்க மாட்டானாம்" என்று சொல்லிய பிறகுதான் அது வந்து சேர்ந்த மாதிரி. "எங்க போறானாம்?" என்று அவளைக் கேட்பார். "எங்கடா போற, அப்பா கேக்கறார்." அப்பாகிட்ட சொல்லும்மா. இந்த ஒரு வாக்கியத்தை வைத்தே அவன் பத்தாவது, காலேஜ், வேலை, வேலை மாற்றம் எல்லாவற்றையும் தாண்டி வந்துவிட்டான். குமுதா வெறும் தபால்காரி இல்லை, கடுதாசியைப் பிரித்துத் திருத்தி ஒட்டிக் கொடுக்கிறவள். "துரைக்கு இப்பத்தான் விடிஞ்சுதாமா" என்று இவர் இங்கே சொன்னால் அங்கே, "அப்பா உன்னைச் சாப்பிட வரச் சொல்றார்" என்று போய்ச் சேரும். அங்கிருந்து வந்ததில் அவள் எதை எதை எடுத்துவிட்டு எதை எதைச் சேர்த்தாள் என்பது இனிமேல் தெரியப்போவதில்லை. அப்பாவுக்கு மூட்டு வலி எப்படி இருக்குன்னு கேட்டான் என்பாள், அவன் கேட்டிருப்பானா, அவளாகப் போட்டதா. முப்பத்துமூன்று வயது மகனைப் பற்றி அவருக்குத் தெரிந்ததெல்லாம் அவள் சொன்னது. அவள் போனதும் தபாலாபீஸையே மூடியாயிற்று. இப்போது போனில் எழுத்து வருகிறது, சாவி ஷூ ஸ்டாண்டில், கேஸ் வந்தால் வாங்கி வைக்கவும், இரவு சாப்பாடு வேண்டாம். இவரும் பதிலுக்கு, சரி. இன்னும் ஒண்ணாந்தேதிக்குப் பிறகு அதுவும் இருக்காது. அவன் போய்விடுவான், இந்த வீட்டில் பம்பு ஓடுகிற சத்தம் மட்டும் இருக்கும்.

அவன் ஏன் போகிறான் என்று அவருக்குத் தெரியும். தெரியும் என்றுதான் நினைத்துக்கொண்டிருக்கிறார். அதை நினைக்கக் கூடாது என்று எத்தனை தரம் வேறு பக்கம் திரும்பினாலும் மனசு அங்கேதான் போய் நிற்கிறது, நாக்கு சொத்தைப் பல்லுக்குப் போகிற மாதிரி. ஐப்பசி மாதம், மழை விட்டிருந்த ஒரு மத்தியானம், சாப்பாடு ஆகியிருந்தது. அவள் சமையலறையில் இருந்து வந்து சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள். "என்னங்க, நடு மார்ல என்னவோ அழுத்தற மாதிரி இருக்குதுங்க. தோள்பட்ட வேற கடுக்குது." அவர் இதே நாற்காலியில். டிவியில் கிரிக்கெட். "வாயுவா இருக்கும். மோர்ல பெருங்காயம் போட்டுக் குடி." மணி பன்னிரண்டரை இருக்கும். குடித்தாள். அதாவது குடித்துவிட்டேன் என்று சொன்னாள். நாலு மணிக்குப் போய்ப் பார்த்தபோது படுத்திருந்தாள், கழுத்தெல்லாம் வேர்வை, ஃபேனை வேகமாக வைத்தார், தைலம் எடுத்துத் தோளில் தேய்த்தார், அதற்கு எழுந்திருக்கத்தான் செய்தார், அதை ஏன் யாரும் கணக்கில் எடுத்துக்கொள்ளக் கூடாது. "டாக்டர்கிட்ட போலாமா?" என்றாள் அவளாகவே. ஆஸ்பத்திரி என்றால் பத்து சாக்குச் சொல்கிறவள் தானாகக் கேட்டாள், அப்போதாவது உறைத்திருக்க வேண்டும். "பரிதி ஆறு மணிக்கு வந்துருவான். கார்லயே போயிட்டு வந்துரலாம். இப்ப ஆட்டோ புடிச்சு இந்தக் குழியில குலுக்கிட்டுப் போறதுக்கு?" நல்ல எண்ணத்தில்தான் சொன்னார். கடவுள் சத்தியமாக நல்ல எண்ணத்தில்தான் சொன்னார். மகன் வருவான், விவரம் தெரிந்தவன், எந்த ஆஸ்பத்திரி என்று அவன் பார்த்துக்கொள்வான். அவன் ஆறேகாலுக்கு வந்தான். ஆறரைக்குக் காரில் ஏற்றினார்கள். ஆஸ்பத்திரி வாசலில் சக்கர நாற்காலியைக் கொண்டு வந்தபோது அவள் தலை ஒரு பக்கம் சாய்ந்திருந்தது. ஒரு மணி நேரம் கழித்து அந்த இளவயது டாக்டர் வெளியே வந்து கேட்டான். "எப்ப இருந்து வலி இருந்துச்சு? காலையில இருந்தேவா? கூட யார் இருந்தீங்க?" அப்போதுதான் அவரும் பரிதியும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். அதற்குப் பிறகு இன்று வரை நேருக்கு நேர் பார்க்கவில்லை. அன்று ராத்திரி வீட்டில் தொட்டியைப் பார்த்தார், ஒன்பதும் இருந்தன. ஒன்பதும் உயிரோடு, எட்டு தங்கமும் ஒரு கறுப்பும், பளபளவென்று நீந்திக்கொண்டு. ஒன்று செத்திருக்கக் கூடாதா. நாலு வருஷம் தின்றதுக்கு ஒன்றுகூடச் சாகவில்லையே. அக்னி மூலையில் இருக்கிற மீனுக்கு அவள் கண்டம் எப்படித் தெரியும்.

அது மட்டும் என்றால்கூடப் பரவாயில்லை. ஒரு வாரம் கழித்து அவள் போனை எடுத்து, யாருக்கெல்லாம் சேதி சொல்லாமல் விட்டுப்போயிற்று என்று பார்ப்பதற்காகத்தான் எடுத்தார், அன்றைய தேதியில் ஒரே ஒரு அழைப்பு. பரிதிக்கு. பன்னிரண்டு நாற்பது. நாலு நிமிஷம். அந்த நாலு நிமிஷத்தில் அவள் என்ன சொன்னாள். அவரிடம் சொல்லிவிட்டுப் போய்ச் சமையலறையில் நின்றுகொண்டு மகனுக்குப் போன் போட்டிருக்கிறாள். உங்கப்பா திரும்பிக்கூடப் பாக்க மாட்டேங்கறார்டா. கிரிக்கெட் பாத்துட்டிருக்கார்டா. என்னைக் கொண்டு போறதுக்கு இந்த வீட்டுல யாரும் இல்லடா. எட்டு மாதமாக அவர் அவளுடைய குரலில் அந்த நாலு நிமிஷத்தை விதவிதமாகப் பேசிப் பார்த்துவிட்டார், ஒரு நாள் அழுதாள், ஒரு நாள் திட்டினாள், ஒரு நாள் சிரித்துக்கொண்டே சொன்னாள், அதுதான் தாங்க முடியவில்லை. அதைக் கேட்டவன்தான் உள்ளே இருக்கிறான். கேட்டவன் எப்படி இந்த முகத்தைப் பார்த்துக்கொண்டு சாப்பிடுவான். போகட்டும். நியாயம்தான். இல்லை, போகக் கூடாது, போனால் அந்த நாலு நிமிஷமும் அவனோடு போய்விடும், அவள் கடைசியாகப் பேசியது அவனிடம் மட்டும்தான் இருக்கிறது. திட்டியதாகவே இருக்கட்டும், அது அவள் பேச்சுத்தானே. எழுந்து போய்க் கதவைத் தட்டினால் என்ன. தட்டி, என்ன சொல்ல. தொட்டியைப் பிடி என்றா. கிழக்கே வைத்தால் நீ போக மாட்டாய் என்று நோட்டில் இருக்கிறது என்றா. குடித்து வைத்த காப்பி டம்ளரில் ஒரு ஈ உட்கார்ந்தது. அவர் விரட்டவில்லை.

கதவு திறக்கும் சத்தம். மணி ஏழுகூட ஆகவில்லை, ஞாயிற்றுக்கிழமை ஒன்பதுக்கு முன்னால் எழுந்திருக்காதவன். அவர் மூச்சைப் பிடித்துக்கொண்டு திரைச்சீலை இடுக்கு வழியாகப் பார்த்தார், சொந்த வீட்டில் திருடன் மாதிரி. பரிதி வாசல் பக்கம் எட்டிப் பார்த்தான். ஷூ ஸ்டாண்டில் அவர் ஷூ இருக்கிறதா என்றா, இல்லை, சும்மா பார்த்தான் போல, அவர் நடக்கப் போயிருப்பார் என்ற தைரியம். கலைந்த தலை, காதோரம் நரைத்திருந்தது, எப்போது நரைத்தது. பிரஷ்கூட எடுக்கவில்லை, நேராகத் தொட்டியிடம் வந்தான். குனிந்து, கண்ணாடியில் ஒரு விரலை வைத்து, உதடு அசைய எண்ணினான். அவரைப் போலவே தங்கத்தை விட்டுவிட்டுக் கறுப்பைத் தேடினான். தேடி இல்லை என்று தெரிந்ததும் அவன் தோள் தொங்கிப்போனது அவருக்கு இங்கிருந்தே தெரிந்தது. அப்புறம் டிவி மேசைக்குக் கீழே கையை விட்டு டப்பாவை எடுத்தான். இடம் தேடவில்லை, தினமும் எடுக்கிற கை. மூடியைத் திறந்தான். இரண்டு சிட்டிகை. எண்ணி இரண்டு. தெய்வசிகாமணிக்கு முதலில் ஒன்றும் ஓடவில்லை. அப்புறம் எல்லாம் ஒன்றாக ஓடியது, டப்பா சீக்கிரம் தீர்வது, கடைக்காரன் கேட்டது, தண்ணீரில் காலைதோறும் மிதக்கிற வெள்ளைத் தூசு, அவர் ஷூ போட்டுக்கொண்டு போவது, அவன் எழுந்து வருவது, அவர் ஆறு மணிக்குப் போட்டது, அவன் ஏழு மணிக்குப் போடுவது, எட்டு மாதம். இரண்டு பேரும் போட்டு இரண்டு பேரும் கொன்றிருக்கிறார்கள். அப்படியானால் கண்டம்? அந்த முழங்கை? பதினான்கு மீனும் எதையும் வாங்கிக்கொள்ளவில்லை. அவன் மேல் இருந்து எதுவும் கழியவில்லை. தின்று தின்று செத்திருக்கின்றன, அவ்வளவுதான்.

நாற்காலியில் இருந்து எழுந்துவிட்டார். எழுந்தது அவருக்கே தெரியவில்லை, திரைச்சீலை விலகி, அவர் ஹாலுக்குள் நின்றுகொண்டிருந்தார்.

"நான் அப்பவே போட்டுட்டேன்" என்றார்.

பரிதி டப்பாவைப் பிடித்தபடி அப்படியே நின்றான். திரும்பவில்லை. கண்ணாடியில் தெரிந்த அவருடைய உருவத்தைப் பார்த்திருக்க வேண்டும்.

"தினமுமா?" என்றான்.

"தினமும். ஆறு மணிக்கு."

"நானும் தினம் போடறேன். அம்மா போனதுல இருந்து." டப்பாவைக் கையில் திருப்பினான். "நீங்க இதையெல்லாம் நம்ப மாட்டீங்கன்னு நெனச்சேன். அதான் நீங்க வெளிய போனப்புறம் போடுவேன்."

தங்க மீன்கள் மேலே வந்து இரண்டாவது தீனியையும் விழுங்கிக்கொண்டிருந்தன. எடுத்துவிட வேண்டும், வலை எங்கே, வலையைப் பால்கனியிலேயே வைத்துவிட்டார். இப்போது சொல்ல வேண்டும், தம்பி இதைக் கொஞ்சம் பிடி, பாதித் தண்ணீரை இறைத்துவிடலாம், இது கிழக்கு இல்லை, நான் பார்க்காமல் சொன்னது. வாயைத் திறந்தார். அதற்குள் அவன் பேசினான், மீன்களைப் பார்த்தே, தாழ்ந்த குரலில், எத்தனையோ நாளாக வாயிலேயே வைத்திருந்ததைச் சொல்கிற மாதிரி.

"அன்னிக்கி மத்தியானம் அம்மா எனக்குப் போன் பண்ணாப்பா. நெஞ்சு ஒரு மாதிரி இருக்குதுடான்னா. நான் மீட்டிங்ல இருந்தேன்." டப்பாவின் மூடியை அழுத்தினான், அது பொருந்தவில்லை, மறுபடி அழுத்தினான். "அப்பா வீட்லதான இருக்கார், அப்பாகிட்ட சொல்லும்மான்னேன்."

தெய்வசிகாமணிக்கு அந்த நாலு நிமிஷம் காதில் கேட்டது. அவள் திட்டவில்லை. அவரைப் பற்றி ஒரு வார்த்தையும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் இவன் வந்திருப்பான். அப்பாவிடம் சொல்லியாயிற்று என்று இவனிடம் சொல்லாமல் அவரைக் காப்பாற்றியிருக்கிறாள், கடைசித் தபாலையும் திருத்தி.

"சொன்னாளாப்பா உங்ககிட்ட?" இப்போது அவன் திரும்பினான். ஆஸ்பத்திரி வராந்தாவுக்குப் பிறகு முதல் தடவையாக அந்த முகம். அந்தக் கண்ணில் என்ன பதிலுக்குக் காத்திருக்கிறான் என்பது அவருக்குத் தெரிந்தது. இல்லை என்றால் அவன் போன் எடுத்தது மட்டும்தான் மிச்சம், அவன் தலையில் முழுசாக விழும், சாகிற வரைக்கும் சுமப்பான். ஆமாம் என்றால்.

"சொன்னா" என்றார். "உனக்கு முன்னாடியே சொன்னா. வாயுன்னு சொன்னேன். எந்திரிக்கலை."

பரிதி தலையை ஆட்டினான். கோபப்படுவான் என்று நினைத்தார், கோபப்பட்டால் தேவலை என்று இருந்தது. அவன் டப்பாவை அது இருந்த இடத்தில் வைத்தான். உள்ளே போக இரண்டு அடி எடுத்து வைத்துவிட்டு நின்றான்.

"பத்து மணிக்கு வெளிய போறேன்ப்பா. வீடு ஒண்ணு பாக்கணும்."

நடுவில் ஆள் இல்லாமல் அவன் அவரிடம் நேராகச் சொன்ன முதல் சேதி. அவருக்கு அதைத் திருத்திச் சொல்ல இனி யாரும் இல்லை.

"சரி" என்றார்.

அறைக் கதவு சாத்திக்கொண்டது. அவர் பால்கனிக்குப் போய் வலையை எடுத்து வந்து, மிதந்துகொண்டிருந்த தீனியைக் கொஞ்சம் கொஞ்சமாக வழித்து எடுக்க ஆரம்பித்தார். வலைக்கு அகப்படாமல் நிறைய அடியில் இறங்கிவிட்டிருந்தது. உள்ளே அலமாரி திறக்கும் சத்தம் கேட்டது. எட்டு மீனும் வலையைத் தீனி என்று நினைத்து அவர் கைக்கு அருகில் வந்து வந்து போயின.